மஞ்சள் வரை

ஜூலை 8

சம்பந்தியம்மாவுக்கு,

ஆபீஸில் மேடம், வீட்டில் சம்பந்தியம்மா என்று நாலு வருஷமாக இரண்டு நாக்கு வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். இன்றைக்கு எதைப் போட்டு ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவும் கையுமாகக் கொஞ்ச நேரம் கிடந்தேன். கிடந்தேன் என்பது அப்படியே உண்மை. விழித்திரை ஆபரேஷன் ஆனவன் பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டுமாம். கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு, தரையில் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் கண்ணைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது கரையும்வரை, எப்படியும் ஆறு வாரம், மலை ஏறக் கூடாது. ஏறினால் குமிழி பெருத்து மிச்சப் பார்வையும் போய்விடும் என்கிறார் டாக்டர். இல்லாவிட்டால் மண்சரிவுச் செய்தி கேட்ட அன்றைக்கே வந்து நின்றிருப்பேன். மூன்றாம் தேதியிலிருந்து உங்களைப் பதினாலு தடவை கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. உங்களைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையிடம் கேட்டால், "அம்மா ஃபோன் மணி அடிச்சாலே எழுந்து வெளியே போயிடறாங்க மாமா" என்கிறார். அதனால்தான் கடிதம்.

நீங்கள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் லீவில் போகும்போது போட்ட ஆணையில், எச்சரிக்கை அறிக்கைகளில் மஞ்சள் வரை துணை இயக்குநர் கையெழுத்திடலாம் என்றுதான் இருக்கிறது. சிவப்பு, அதாவது ஊரைக் காலி செய்யச் சொல்வது, இயக்குநர் மட்டும். நீங்கள் உங்கள் எல்லை வரைக்கும் போயிருக்கிறீர்கள். எந்த விசாரணை அதிகாரி வந்தாலும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. என்னையும் முடியாது. நான் முறைப்படி லீவில், மயக்க மருந்தில் கிடந்தேன்.

இத்துடன் புது ஆணை வைத்திருக்கிறேன். நான் திரும்பும்வரை இயக்குநரின் முழு அதிகாரமும் உங்களுக்கு, சிவப்பும் சேர்த்து. இருபதாம் தேதிக்குள் நம் மண்சரிவு எச்சரிக்கை நிலையத்தின் அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். நிர்வாக அதிகாரி வரைவு தயார் செய்து கொண்டுவந்து தருவார். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். பிறகு ஒரு வாரம் லீவு எடுத்துப் பையனோடு போய் இருங்கள். என் பெண்ணுக்கும் மாசம் நெருங்குகிறது, அவளுக்கும் துணையாக இருக்கும்.

அன்புடன்
உங்கள் சம்பந்தி

ஜூலை 12

இயக்குநர் அவர்களுக்கு,

ஆணை கிடைத்தது. சிவப்பும் சேர்த்து என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் தேதி மத்தியானம் இரண்டு பத்துக்கு அது என் கையில் இருந்திருக்க வேண்டும். இப்போது இதை வைத்துக்கொண்டு யாரைக் காலி செய்யச் சொல்வது? கீழ்க்குடியிருப்பில் இப்போது சேறும் ஓட்டுத் துண்டுகளும்தான் இருக்கின்றன.

அன்றைக்கு நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். என் வாயால் கேட்கவில்லை. எழுதுகிறேன்.

காலையிலிருந்து மழை. ஒரு மணிக்கு, சரிவின் வெடிப்பை அளக்கும் விரிசல் மானியில் பதினான்கு மில்லிமீட்டர். மஞ்சளுக்கு உண்டான எண்தான். இரண்டு பத்துக்கு மழைமானிக்காரர் கூப்பிட்டார். கீழ்க்குடியிருப்பில் வீடு, மேலே சரிவில் வேலை, பதினோரு வருஷத்தில் ஒரு மணிக்கணக்கு தவறவிடாத மனுஷன். "மேடம், விரிசல் இருபத்து மூணு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்" என்றார். இருபது தாண்டினால் சிவப்பு. பதிவேட்டில் என் கையால்தான் அந்த எண்ணை எழுதினேன்.

உங்களுக்கு ஏழு தடவை அடித்தேன். ஃபோன் உங்கள் தம்பியிடம் இருந்ததாம், ஆபீஸ் நம்பர்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாராம். அவரைக் குறை சொல்லவில்லை. தலைமைச் செயலகத்துக்கு அடித்தேன். செயலர் கூட்டத்தில் இருக்கிறார், எழுத்தில் அனுப்புங்கள் என்றார் உதவியாளர். இரண்டு இருபத்தைந்துக்கு மெயில் அனுப்பினேன், எண்ணைக் குறிப்பிட்டு, சிவப்பில் கையெழுத்திட அனுமதி கேட்டு. பதினைந்து நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எதற்கு எனக்கு அதிகாரம் உண்டோ அதில் போட்டேன். மஞ்சள். இயக்குநருக்காக என்று எழுதி, கீழே என் கையெழுத்து.

மழைமானிக்காரர் மறுபடி கூப்பிட்டார். "என்ன கலர் மேடம்?" என்று கேட்டார். மஞ்சள் என்றேன். "அப்ப சரி. இருபத்து மூணு வந்ததும் நான்தான் பயந்துட்டேன்" என்று சிரித்தார்.

நாலு இருபதுக்குச் சரிந்தது. அவரோடு சேர்த்துப் பதினேழு பேர்.

செயலகத்திலிருந்து எனக்குப் பதிலும் வந்தது. நாலாம் தேதி காலை பதினோரு மணிக்கு. "சிறப்பு நேர்வாகக் கருதி அனுமதிக்கப்படுகிறது." அப்போது மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது என் கேள்வி. கோப்பை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த துணை இயக்குநருக்கு, நீங்கள் லீவில் போன மூன்று தடவையும், மஞ்சள் சிவப்பு இரண்டும் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கான வரைவிலும் எழுத்தர் வழக்கம்போல இரண்டையும்தான் தட்டச்சு செய்திருக்கிறார். நீங்கள் பச்சை மையால் "சிவப்பு" என்பதை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோடு பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்ட கோடு. ஏன் சார்? இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் என்ன தப்பு செய்தேன்?

துணை இயக்குநர்

ஜூலை 15

சம்பந்தியம்மாவுக்கு,

இப்போது உட்காரலாம் என்று விட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு கண்ணால் படித்தாலும் எரிகிறது.

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. உங்களைவிடச் சரிவைத் தெரிந்தவர் நிலையத்தில் கிடையாது, நான் உட்பட. அடித்தது வேறு காரணத்துக்காக. சொன்னால் கேவலமாக இருக்கும். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் கல்யாணம் முடிந்த மாசமே செயலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. உங்களிடம் சொல்லவில்லை. "இயக்குநர் சம்பந்தியைத் துணை இயக்குநராக்கி, நிலையத்தைக் குடும்பச் சொத்தாக்கிவிட்டார்" என்று. உங்கள் பதவி உயர்வு மூப்பின்படி வந்தது, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதை நிரூபிக்க நான் இரண்டு நடை அலைந்தேன். அப்போதிருந்து உங்கள் பெயர் வருகிற எந்தக் காகிதத்தையும் ஒரு பிடி குறைத்தே கொடுத்தேன். அந்த வரைவு வந்தபோதும் அதே நினைப்பு. முழு அதிகாரத்தையும் தூக்கிச் சம்பந்தி கையில் கொடுத்துவிட்டுப் போனான் என்று ஒருத்தன் சொல்லிவிடுவானே என்று. முதலில் போட்டது நாலே நாள் லீவு, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் நினைத்தேன். கோடு கிழித்தேன். என் நேர்மைக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

இப்போது என்னைத் திட்டுங்கள். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அறிக்கையில் இதையெல்லாம் எழுத முடியாது, அது உங்களுக்கும் தெரியும். இரண்டு பத்துக்கே இருபத்து மூன்று வந்தது என்று எழுதினால், உடனே ஏன் சிவப்பு போகவில்லை என்று கேட்பார்கள். அங்கிருந்து ஆணைக்கு, ஆணையிலிருந்து கோட்டுக்கு, கோட்டிலிருந்து மொட்டைக் கடிதத்துக்கு. என்னோடு நிற்காது. எண்ணைத் தெரிந்துகொண்டே மஞ்சள் போட்டவர் என்று உங்களையும் இழுப்பார்கள். அதற்குப் பெயர் வேறு. அதற்கு ஜெயில் உண்டு.

நிர்வாக அதிகாரியின் வரைவில் அளவீடு தாமதமாக வந்ததாக இருக்கிறது. யாரையும் பெயர் சொல்லி இழிவுபடுத்தவில்லை. போனவரை இனி என்ன செய்துவிட முடியும்? இருக்கிறவர்களைப் பாருங்கள். மாப்பிள்ளை இருக்கிறார், என் பெண் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறாள். நம் இரண்டு வீட்டுக்கும் கூரை ஒன்றுதான். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன். உங்களிடம் கெஞ்சுகிறேன். கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி

ஜூலை 18

இயக்குநர் அவர்களுக்கு,

காரணத்தைச் சொன்னதற்கு நன்றி. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் போடாமல் எழுதிய யாரோ ஒருவனுக்குப் பயந்து நீங்கள் ஒரு வார்த்தையை அடித்தீர்கள். அடிக்கப்பட்ட வார்த்தைக்குப் பயந்து நான் மஞ்சள் போட்டேன். அந்த ஒருவன் இன்னமும் நம் ஆபீஸில்தான் எங்கேயோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான்.

வரைவைப் படித்தேன். "தாமதமாக வந்தது" என்று மட்டும் இல்லை. "களப் பதிவாளர் 2.10 மணி அளவீட்டை 3.50க்கே தெரிவித்தார், அன்னார் உரிய நேரத்தில் பணியிடத்தில் இல்லையெனத் தெரிகிறது" என்று இருக்கிறது. நிலையத்தில் களப் பதிவாளர் என்றால் மழைமானிக்காரர் ஒருவர்தான். இதைவிடப் பெயர் எப்படிச் சொல்வது? பதிவேட்டைக் கேட்டேன். பாதுகாப்புக்காக நிர்வாக அதிகாரி தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாராம்.

நேற்று மழைமானிக்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு அந்த அம்மா தையல் கூடத்தில் இருந்ததால் பிழைத்தவர். பள்ளிக்கூட முகாமில் எல்லோரும் பெரிய ஹாலில் இருக்கிறார்கள், இவர் மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பாயைப் போட்டிருக்கிறார். ஏன் இங்கே என்று கேட்டேன்.

"உள்ள இருக்க விடல மேடம். உன் புருஷன் ஒழுங்கா வேலை பார்த்திருந்தா எங்க பிள்ளைங்க செத்திருக்காதுன்னு சொல்றாங்க. ஒரு அம்மா என் தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு பிள்ளை போச்சு. நான் என்ன சொல்றது?"

வரைவில் இன்னும் யாரும் கையெழுத்தே போடவில்லை, அதற்குள் அந்தப் பழி ஊருக்குள் வந்துவிட்டது.

"அவர் இல்லாம எங்க போவார் மேடம், மழையில நனைஞ்சுக்கிட்டு மேலதானே நின்னார். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. மேடம் ஒண்ணு சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பார்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை சார். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசல் வரை வந்து எனக்குக் குடை பிடித்தார்.

இந்த வரைவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு ஒன்று எழுதி இத்துடன் அனுப்புகிறேன். ஒரே பக்கம். இரண்டு பத்து, இருபத்து மூன்று, ஏழு ஃபோன், மெயில், மஞ்சள், நாலு இருபது. நீங்கள் இயக்குநர். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அந்த அம்மா உள்ளே போய்ப் படுப்பார். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். என் பையனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கல்யாணத்திலும் கேட்டதில்லை.

துணை இயக்குநர்

ஜூலை 20

பொருள்: அதிகாரப் பகிர்வு, ரத்து செய்தல்.
பார்வை: எனது ஜூலை 8 நாளிட்ட ஆணை.

பார்வையில் காணும் ஆணை நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு உடனடியாக ரத்து செய்யப்படுகிறது. இயக்குநரின் அதிகாரங்கள் மறு உத்தரவு வரும்வரை நிர்வாக அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுகின்றன. துணை இயக்குநர் மருத்துவ விடுப்பில் செல்ல அனுமதிக்கப்படுகிறார்.

இயக்குநர்

சம்பந்தியம்மா, மேலே இருப்பது ஃபைலுக்கு. இது உங்களுக்கு.

உங்கள் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் இருந்தேன். பேனாவைத் திறந்தேன், மூடினேன். அதற்குள் பெண் ஃபோன் பண்ணினாள், ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "அப்பா, அங்கே ஏதாச்சும் பிரச்சனையா? இவர் முகமே சரியில்ல" என்று கேட்டாள். ஒன்றுமில்லை கண்ணு என்றேன். அதற்குப் பிறகு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

நீங்களும் போட வேண்டாம். உங்கள் கையில் அந்தப் பாவம் ஒட்டக் கூடாது என்றுதான் அதிகாரத்தை மாற்றினேன். அறிக்கை இன்று போய்விட்டது. நிர்வாக அதிகாரி கையெழுத்துப் போட்டார், இயக்குநருக்காக. உங்களுக்கும் இதற்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை. அந்த அம்மாவுக்கு வேறு ஊரில் ஏதாவது வேலைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். சத்தியமாகச் செய்கிறேன்.

என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்களிடமிருந்து ஒரு வரி வராவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

ஜூலை 25

சம்பந்திக்கு,

இதை எழுதும்போது மணி மாலை ஐந்தரை. நீங்கள் கேட்ட ஒரு வரியைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும்.

மருத்துவ விடுப்பில் என்னை அனுப்பியதால் எனக்கு ஆபீஸ் இல்லை, சீல் இல்லை, தலைப்பிட்ட தாள்கூட இல்லை. பதிவேட்டைப் பார்க்கவும் வழியில்லை. நாலு நாள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இனி என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பதில் ஒரு நிம்மதிகூட வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதிகாரம் இல்லாதவளுக்குப் பொறுப்பும் இல்லை என்று மனசு எவ்வளவு சீக்கிரம் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறது.

இன்றைக்கு விசாரணையில் வாக்குமூலம் கொடுக்கக் கடைசி நாள். காலையில் எழுந்து, கோடு போட்ட நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து, எல்லாவற்றையும் எழுதினேன். செயலகத்துக்கு நான் அனுப்பிய மெயில் என் ஃபோனில் இருந்தது, தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்தேன். நேரமும் எண்ணும் அதிலேயே இருக்கின்றன. விருந்தினர் மாளிகை மாடியில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். வாசலில் தட்டச்சர் என்னை நிறுத்தினார்.

"சீல் இல்லையே மேடம்?"

"இல்ல."

"எந்தப் பதவியில கொடுக்கறீங்கன்னு போடணும். துணை இயக்குநர்னா ஆபீஸ் வழியாத்தான் வரணும்."

"பதவி வேண்டாம். பார்த்தவள்னு போட்டுக்குங்க. மஞ்சள் போட்டவளும் நான்தான். அதையும் போடுங்க."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே தட்டச்சு செய்தார். விசாரணை அதிகாரி படித்தார். எண்ணைத் தெரிந்துகொண்டே மஞ்சள் கொடுத்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று இரண்டு தடவையும் சொன்னேன். வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இயக்குநருக்காக என்று எழுதாமல் கை ஒரு கணம் நின்றது, அவ்வளவு பழக்கம்.

உங்கள் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அது கோப்பில் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தது. எதற்காகக் கிழித்தீர்கள் என்பதைச் சொல்லவில்லை. அது நீங்கள் எனக்கு எழுதியது, நான் பார்த்தது இல்லை. நாளை அதிகாரி உங்களை ஃபோனில் கூப்பிடுவார். என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். பையனிடம் மத்தியானமே எல்லாம் சொல்லிவிட்டேன். "அவளுக்கு நானே சொல்றேன்மா, குழந்தை பிறந்ததும்" என்றான்.

விருந்தினர் மாளிகையிலிருந்து நேராக முகாமுக்குப் போனேன். மழைமானிக்காரரின் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உட்காரப் பாயைத் தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் சரியான நேரத்துக்குச் சொன்னார், சரியான எண்ணைச் சொன்னார், தப்பான நிறத்தைச் சொன்னது நான். பெரிய ஹாலிலும் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இதையே சொன்னேன். தட்டை எறிந்த அந்தத் தாய் எழுந்து வந்து என்னை அடித்தார். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

வெளியே வந்தபோது மழைமானிக்காரரின் மனைவி தொட்டி ஓரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அவர் கேட்டாரா மேடம், என்ன கலர்னு?"

"கேட்டார்."

"நீங்க மஞ்சள்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்?"

ஆணையைப் பற்றிச் சொன்னேன். சிவப்புக்குக் கையெழுத்துப் போட எனக்கு அனுமதி இல்லை என்று, மஞ்சள் வரைதான் என்று. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கோபமே இல்லை அந்த முகத்தில். புரியாத பாடத்தைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அது காகிதத்துக்கு மேடம். ஃபோன்ல இருந்தாரே, அவர்கிட்ட ஓடிப்போங்கன்னு வாயால சொல்றதுக்கும் கையெழுத்து வேணுமா?"

வேண்டாம் என்றேன். அதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது.

உங்கள் சம்பந்தி